மிளகாய்ப் படத்தில் விழுந்த புளியங்கொட்டைகள்

முதல் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு வைத்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

ஏர்வாடிக்கும் சாயல்குடிக்கும் இடையில், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கிற ஒரு மீனவக் கிராமம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே பெண்கள் என்னிடம் சொன்னதில் பாதி, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதது. நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மிளகாய்க் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரையில் முங்கி எழுவதோடு சரி.

எங்களுக்கு ஒப்படைத்த வேலை இதுதான். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, உடம்பு சம்பந்தமான கஷ்டங்களில் முதலில் எதைக் கையில் எடுப்பது என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு வருடம் கூட நின்று அதற்கு வேலை செய்ய வேண்டும்.

உண்மையைச் சொன்னால், நாங்கள் மனதுக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் போனோம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 2021 ஆகஸ்டிலிருந்தே 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். மிச்சம் இருப்பது ரத்தசோகை. கர்ப்பிணிகளின் அட்டைகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஊரும் அதையே சொல்லிவிட்டால் மறுநாளே வேலையைத் தொடங்கிவிடலாம் என்று நினைத்தோம்.

கோயிலை ஒட்டிய மண்டபத்தில் முப்பது பேர் கூடினார்கள். எல்லாரும் ஆண்கள். சுவரில் பெரிய காகிதம் ஒட்டி, "உங்கள் ஊரின் முக்கியமான சுகாதாரப் பிரச்சினைகள் என்ன?" என்று கேட்டோம். "டாக்டர் இல்ல. ரோடு சரியில்ல. ராத்திரியில வண்டி கிடைக்க மாட்டேங்குது. ஒரு ஆஸ்பத்திரி வேணும்." முன்வரிசையில் இருந்த நாலு பேர் சொன்னதை எழுதினோம். மற்றவர்கள் தலையாட்டினார்கள். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

டீ கொண்டுவந்த அக்கா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "முடிஞ்சிருச்சா தங்கச்சி? எங்க ஆளுக இப்பத்தானே கடலுக்குள்ள இருந்து கரையேறுவாக. அவுகளைக் கேக்காம எப்பிடி?"

அவர் சொன்னது கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பற்றி. அந்த ஊரில் பெண்கள் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். அதிகாலையில் இறங்கினால் வெயில் ஏறின பிறகுதான் வருவார்கள். எங்கள் கூட்டத்துக்கு அவர்களில் ஒருவர்கூட வர முடியாது. அதைத் தெரிந்துகொள்ளாமலே நேரம் குறித்திருந்தோம்.

அதன்பிறகு மூன்று வாரம் கூட்டம் எதுவும் போடவில்லை. ஊரோடு இருந்து, அவர்களுடைய நாள் எப்படி ஓடுகிறது என்று மட்டும் பார்த்தோம். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள் பாசிக்குப் போவார்கள். நடுவில் வீட்டில் இருப்பார்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் தண்ணீர் கலங்கிவிடும், இறங்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு அப்போது வேலை இல்லை, கையில் காசும் இருக்காது. ஆண்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கிழிந்த வலையைப் பொத்த உட்காருவார்கள். இந்தக் கணக்கை ஒரு பழைய காலண்டரில் குறித்துக்கொண்டோம். இந்த வேலைக்கு இறங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன்னால் அந்த ஊரின் காலண்டரைத் தயார் செய்யுங்கள்.

அந்த வாரங்களில்தான் இன்னொன்றும் தெரிந்தது. ஊரின் மேற்குக் கடைசியில் ஒரு தெரு இருக்கிறது. சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பங்கள். அவர்களில் யாரும் அந்த மண்டபத்துக்கு வந்ததே இல்லை. வரக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் வருவதில்லை. ஊரைக் கூப்பிட்டோம் என்று நாங்கள் நினைத்தபோது ஊரில் ஒரு பகுதியை வெளியே நிறுத்தியிருந்தோம். அதற்குப் பிறகு மண்டபத்தில் கூட்டம் வைப்பதையே விட்டுவிட்டோம். எந்த இடத்தில் உட்காருகிறோம் என்பதே யாரெல்லாம் வரலாம் என்று சொல்லிவிடுகிறது.

எங்கள் பயிற்சியில் ஜாம்கேட் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசியிருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் 1970-ல் ராஜ் அரோலே, மேபெல் அரோலே என்ற மருத்துவத் தம்பதி அங்கே வேலை தொடங்கியபோது, ஊர்க்காரர்கள் மருந்தைவிடத் தண்ணீரும் சாப்பாடும்தான் முதலில் வேண்டும் என்றார்கள். அவர்களும் அதிலிருந்தே தொடங்கினார்கள். உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றி அறிவித்த 1978-ன் அல்மா அட்டா பிரகடனத்தையும் காட்டினார்கள். தங்கள் உடல்நலத்துக்கான திட்டமிடலில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று அதில் இருக்கிறது. இரண்டையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கடற்கரை மணலில் உட்கார்ந்த அன்றுதான் அந்த எழுத்துக்கு எனக்கு அர்த்தம் பிடிபட்டது.

பௌர்ணமி கழிந்து பாசி வேலை ஓய்ந்த ஒரு நாள், சாயங்காலம் நாலு மணி. பாசி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகை நிழல். இருபதுக்கு மேல் பெண்கள். அவர்கள் கைகளை அன்றைக்குத்தான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டுகளான பார்களில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்க்கும்போது கீறாமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொள்வார்கள். சுற்றியும் கீறியிருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நகக்கண் வெளுத்து, ஓரம் வெடித்திருந்தது. ஒரு அக்காவின் கட்டைவிரலில் நகமே இல்லை. "அது போயி ரெண்டு வருசமாச்சு" என்றார், சாதாரணமாக.

"உங்க ஊரை எனக்கு வரைஞ்சு காட்டுங்க" என்று கேட்டேன். கேள்வி அவ்வளவுதான். சாக்பீஸ் கொண்டுபோயிருந்தேன், மணலில் அது எதற்கு? ஒருத்தி ஓடிப்போய்க் கோலப்பொடி எடுத்துவந்தாள். கடற்கரைக்கு ஒரு நீளக் கோடு. வீடுகளுக்குச் சிப்பி. கோயிலுக்கு ஒரு சங்கு. காய்ந்த கட்டக்கோரைப் பாசியை அள்ளி வந்து மேற்கே குவித்து, "இது கருவேலங்காடு" என்றார்கள். தண்ணீர்க் குழாய்க்குக் கொட்டாங்கச்சி. அரை மணி நேரத்தில் ஊர் முழுக்க மணலில் இருந்தது. எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் என்று தாங்களாகவே கல் வைத்தார்கள். வாயைத் திறந்து பேசத் தயங்குகிறவர்கள்கூடக் கல்லை நகர்த்தத் தயங்கவில்லை.

அப்போது கடற்கரைக் கோட்டை ஒட்டி ஒரு செங்கல் துண்டை வைத்தார்கள். "இது கக்கூஸு."

கரையில் பெண்களுக்கான கழிப்பறை ஒன்று இருக்கிறது என்று எங்கள் கணக்கில் ஏற்கெனவே எழுதியிருந்தோம். அதனால் அந்தக் கேள்வியையே நீக்கியிருந்தோம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா குச்சியால் அந்தச் செங்கல்லைத் தட்டினார்.

"இதோட கதவு எந்தப் பக்கம் பாத்து இருக்குன்னு பாத்தீகளா?"

பார்த்ததில்லை. மணலில் காட்டினார். கதவு நேராக மீன் ஏலம் விடுகிற கூடத்தைப் பார்த்து இருந்தது.

"காலையில அம்புட்டு ஆம்பளையும் அங்கனதான் உக்காந்திருப்பாக. அவுக பாக்க உள்ள போயி, அவுக பாக்க வெளிய வரணும். கட்டினதுல இருந்து ஒருத்தி போனதில்ல."

"அப்ப எங்க போவீங்க?"

யாரும் பேசவில்லை. அப்புறம் நகமில்லாத அக்கா சொன்னார். "போக மாட்டோம். விடியிறதுக்கு முந்தி கருவேலங்காட்டுக்குப் போறதோட சரி. பெறகு பொழுது சாஞ்சுதான். அதுக்காகத் தண்ணியே குடிக்கிறதில்ல."

அதன்பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரிகிறது, அடிவயிறு இழுக்கிறது, குளிர்காய்ச்சல் வருகிறது, சிலருக்கு ரத்தம் கலந்து போகிறது. கடைகளில் மாத்திரை கேட்டு வாங்கி, இரண்டு நாள் போட்டு, எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். வெயிலில் ஆறு மணி நேரம் உப்புத் தண்ணீரில் நின்று, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் கரையேறுகிற உடம்புக்கு நீர்க்கடுப்பும் கல்லடைப்பும் வராமல் என்ன செய்யும்? இது ஒரு நோய் என்றே அவர்கள் நினைக்கவில்லை. பாசி வேலையோடு சேர்ந்து வருகிற ஒன்று என்று நினைத்திருந்தார்கள். "ஆஸ்பத்திரியில இதைப் போயி எப்பிடிச் சொல்றது?" என்றார் ஒருத்தி.

மண்டபத்தில் முப்பது பேர் சொன்ன பட்டியலில் இது இல்லை. எங்கள் நோட்டிலும் இல்லை.

இரண்டாவது நாள் வரிசைப்படுத்துகிற வேலை. எழுத்து வேண்டாம், படம் போடலாம் என்று முடிவு செய்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் அட்டைகளில் வரைந்தாள். காய்ச்சலுக்குக் கொசு. தண்ணீருக்குக் குடம். குடிக்குப் பாட்டில். திருக்கை முள்ளுக்குத் திருக்கை. பிரசவத்துக்குக் குழந்தை. இடுப்பு வலிக்குக் குனிந்து நிற்கிற ஆள். நீர்க்கடுப்புக்கு என்ன வரைவது என்று அவள் விழித்தபோது, பின்னால் இருந்து ஒரு குரல்: "மிளகா போடு பாப்பா, எரியுதுல்ல." எங்கள் பக்கத்து முண்டு மிளகாயை, குண்டாக, சிவப்பாக வரைந்தாள். அதற்குப் பிறகு அந்த ஊரில் நீர்க்கடுப்புக்குப் பெயரே மிளகாய் என்றாகிவிட்டது. வெட்கப்பட்டு விழுங்கிய ஒன்றைப் பத்துப் பேர் நடுவில் சொல்ல ஒரு சொல் கிடைத்துவிட்டது.

ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. எது அதிகக் கஷ்டமோ அந்தப் படத்தில் அதிகம் வைக்க வேண்டும். முதலில் எல்லார் முன்னாலும் வைக்கச் சொன்னோம். சுயஉதவிக் குழுத் தலைவி முதலில் எழுந்து, குடத்தில் ஆறு வைத்தார். அடுத்தவர் ஆறு. அதற்கடுத்தவரும் ஆறு. ஏழாவது ஆள் வரும்வரை பார்த்துவிட்டு நிறுத்தினேன். தலைவியைப் பார்த்துத்தான் எல்லாரும் வைக்கிறார்கள்.

கரையில் வத்தை என்கிற ஒரு பழைய நாட்டுப் படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதன் மறைவில் அட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கொட்டாங்கச்சி வைத்தோம். ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். யார் எதில் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் எதுவும் வரையாத ஒரு வெற்று அட்டையும் வைத்தேன், இதில் இல்லாதது ஏதாவது இருந்தால் அதில் போடலாம் என்று சொல்லி. மறைவில் போட்டபோது கணக்கே மாறிவிட்டது. குடத்திலும் மிளகாயிலும் ஏறக்குறையச் சமமாக விழுந்தன. மூன்றாவது, பாட்டில். முன்பு எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தபோது பாட்டிலில் ஒரே ஒரு கொட்டைதான் விழுந்திருந்தது.

வெற்று அட்டையின் சிரட்டை காலியாக இருந்தது.

எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டால் ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லாருக்கும் வருகிற கஷ்டம் மேலே ஏறிவிடும். எப்போதாவது வந்து உயிரைக் கொண்டுபோவது அடியில் கிடக்கும். பிரசவப் படத்தில் வெறும் ஐந்து கொட்டை, ஏனென்றால் அந்த வருடம் ஊரில் நாலே பிரசவம். அதனால் இன்னும் இரண்டு கேள்வி வைத்தோம். "வந்தா உசுருக்கு ஆபத்தா?" என்பது ஒன்று. "இதுல நம்மளா செய்யக்கூடியது என்ன இருக்கு?" என்பது இன்னொன்று. இந்தக் கேள்விகளுக்குப் பிரசவமும் திருக்கையும் மேலே வந்தன. இரவில் வண்டி கிடைக்காமல் பட்ட பாட்டை அப்போதுதான் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். 108 வண்டி வந்து சேரும்வரை காத்திருக்க முடியாத நேரங்களுக்காக, ஊரில் வண்டி வைத்திருக்கிற ஐந்து பேரின் போன் எண்களை ரேஷன் கடைச் சுவரில் பெயிண்டில் எழுதுவது என்று அங்கேயே முடிவானது. செலவு ஒரு டப்பா பெயிண்ட். மண்டபத்தில் ஆண்கள் சொன்னதும் இதையேதான் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் சொன்னது பொய்யில்லை. பாதிதான்.

திருக்கை முள் குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை முக்கி வைக்க வேண்டும், அந்த விஷம் சூட்டில் வீரியம் குறைகிறது என்று கிராம சுகாதார செவிலியர் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் முள் ஒடிந்து உள்ளே நின்றாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வலி தாங்காமல் கள்ளிப்பாலையும் சுண்ணாம்பையும் தடவுகிறவர்களுக்கு இந்த ஒன்று தெரிந்ததே பெரிது.

ஆண்களிடம் தனியாக, இரவில், வலை பொத்துகிற இடத்தில் கேட்டோம். எங்கள் குழுவில் இருந்த அண்ணன்தான் பேசினார், நான் தள்ளி இருந்தேன். இடுப்பு வலியும் கண் பார்வையும் மேலே வந்தன. குடியைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லாரும் எழுந்த பிறகு ஒருவர் மட்டும் தங்கி, "எனக்கு விடணும்னு இருக்குண்ணே, எங்க போறது?" என்று கேட்டாராம். கரிமூட்டத் தெருவில் கேட்டபோது கதை வேறு. இருமல், கண் எரிச்சல், அதைவிட முதலாவதாகத் தண்ணீர். கிழக்கே குழாயில் வடிந்தது போகத்தான் அவர்களுக்கு வரும்.

மூன்று இடத்துக் கணக்கையும் ஒன்றாகக் கூட்டிவிடலாம் என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டினால் மேற்குத் தெரு காணாமல் போய்விடும், அவர்கள் குறைவான பேர். மூன்று படத்தையும் தனித்தனியாகவே பள்ளிக்கூட மைதானத்து வேப்பமரத்தடியில் விரித்து, எல்லாரையும் கூப்பிட்டோம். மேற்குத் தெருக்காரர்களும் வந்தார்கள், முதலில் தள்ளியே நின்றார்கள். பாட்டில் படம் வந்ததும் ஒரு பெரியவர் கோபமாக எழுந்தார். "எந்த வீட்டுப் பொம்பளை இதுல போட்டா?" மறைவில் போடவைத்தது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரிந்தது. யார் போட்டார்கள் என்று எங்களுக்கே தெரியாது. அதைச் சொன்னேன். அப்பத்தா பெரியவரைப் பார்த்து, "நானுந்தேன் போட்டேன், ஒக்காருப்பா" என்றார். உட்கார்ந்தார்.

அன்றைக்கு முடிவானது, முதலில் தண்ணீர், அதோடு சேர்த்து மிளகாய். இரண்டும் ஒரே முடிச்சு என்று கண்டுபிடித்ததும் அவர்கள்தான். தண்ணீர் இல்லாத கழிப்பறையைத் திறந்து வைத்து என்ன பயன்?

எங்கள் ரத்தசோகை பட்டியலிலேயே இல்லை. எனக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது. ஊர் கேட்காவிட்டாலும் அது இருக்கிற நோய்தானே? மறைக்காமல் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "நீங்க சொன்னதை நாங்க செய்றோம். எங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணையும் நீங்க கேட்டுக்கணும்" என்றேன். செவிலியரைக் கூட்டிவந்து, விருப்பப்பட்டவர்களுக்கு ரத்தம் பார்த்தோம். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும், கர்ப்பிணிக்கு 11. பாசிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குக் கீழே. தண்ணீருக்குள் மூச்சடக்கி முங்குகிறவர்களுக்கு அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "அதான் முன்ன மாதிரி தம் பிடிக்க முடியல" என்று அவர்களே முடிச்சுப் போட்டார்கள். சத்து மாத்திரையைக் கரையேறியதும் டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். டீயோடு போட்டால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றிக்கொண்டார்கள். இதை முதல் நாளே மண்டபத்தில் நின்று சொல்லியிருந்தால், மாத்திரை அட்டைகள் கூரை இடுக்கில்தான் இருந்திருக்கும்.

கழிப்பறைக் கதவை மாற்ற எத்தனை மனு போட வேண்டியிருக்குமோ என்று பயந்தேன். ஊரிலேயே ஒரு கொத்தனார் இருந்தார். ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டு, கடல் பக்கச் சுவரில் வாசல் திறந்து, பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார். முன்னால் பனையோலைத் தட்டி ஒன்று. மூன்று நாள் வேலை. இத்தனை வருடம் இத்தனை பெண்கள் எரிச்சலோடு இருந்ததற்கும் இதற்கும் நடுவில் இருந்தது மூன்று நாள் வேலை. அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தண்ணீர் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அதற்குப் பெண்கள் மணல் வரைபடத்தைக் காகிதத்தில் பெயர்த்து எடுத்துப் போனார்கள். கோரிக்கை இரண்டே வரி. கரைக் கழிப்பறைக்கு ஒரு தொட்டியும் குழாயும் வேண்டும், மேற்குத் தெருவுக்குத் தனி நாளில் தண்ணீர் விட வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வராமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். இதை நீங்களும் மறக்காதீர்கள். எழுதாத தீர்மானத்தை அடுத்த சபையில் யாரும் கேட்க முடியாது. மேற்குத் தெருவுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுவது அடுத்த மாதமே நடந்தது. தொட்டிக்கு எட்டு மாதம் ஆனது. அதுவரைக்கும் பெண்களே முறைபோட்டு, ஆளுக்கு ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினார்கள். கிராம சுகாதாரம், தூய்மை, ஊட்டச்சத்துக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதி உண்டு. அப்படி ஒன்று இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், மூடி போட்ட டிரம் எல்லாம் அதிலிருந்து வந்தன.

மூடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். குழாயில் நான்கைந்து நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும் என்றால் வீட்டில் பிடித்து வைக்காமல் முடியாது. டெங்கு கொசு முட்டையிடுவதும் அந்த நல்ல தண்ணீரில்தான். "தண்ணியைத் தேக்கி வைக்காதீங்க" என்று அந்த ஊரில் சொல்வது கொடுமை. வாரம் ஒருமுறை, தண்ணீர் விடுகிற நாளில், டிரம்மைக் காலி செய்து உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடந்தாலும் சாகாது என்று காட்டிக்கொடுத்தோம். தேய்ப்பதற்குத் தேங்காய் நார் இருக்கிறது. அது நடக்கிறது.

பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த, பாசி எடுக்கிற லட்சுமிக்கு 2015-ல் சீகாலஜி என்ற அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் விருது கிடைத்ததை இந்தக் கரையில் எல்லாப் பாசிப் பெண்களும் சொல்வார்கள். பாசி அழியாமல் இருக்க மாதத்தில் எத்தனை நாள் இறங்குவது என்று தங்களுக்குள்ளே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். அதைத் தீர்மானிக்கத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் உடம்பில் எதை முதலில் பார்ப்பது என்று தீர்மானிக்கத் தெரியாதா என்று, இப்போது யாராவது "கிராமத்து ஜனங்களுக்கு என்ன தெரியும்" என்று பேசினால் கேட்டுவிடுகிறேன்.

குடியைப் பொறுத்தவரை எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த இரவு கேட்ட மனிதரை அரசு மருத்துவமனைக்கு எங்கள் அண்ணன் கூட்டிப்போனார். இரண்டு முறை நிறுத்தி, இரண்டு முறை தொடங்கினார். மூன்றாவது முறை போயிருக்கிறார். பாட்டில் படத்தில் கொட்டை போட்டவர்களுக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்னொன்றுக்கும் பதில் சொல்லவில்லை. மணல் வரைபடத்தில் ஒரு வீட்டின் மேல் யாரும் கல் வைக்கவில்லை. அந்த வீட்டில் இருபத்தைந்து வயதுப் பையன், பல வருடமாக வெளியே வருவதில்லை, தனியாகப் பேசுகிறான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கூட்டிப்போகிற தர்கா இருக்கிற ஏர்வாடி அவ்வளவு பக்கத்தில். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு காப்பகம் எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, தர்காவுக்கும் போகாமல் டாக்டரிடமும் போகாமல் அந்த அம்மா அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். ஊர் கூடிப் பேசும்போது ஊர் மறைக்கிறது வெளியே வராது. அதனால் கூட்டம் எவ்வளவு நன்றாக நடந்தாலும், பிறகு வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்கார வேண்டியிருக்கிறது. நான் அந்த வீட்டுத் திண்ணையில் ஆறேழு முறை உட்கார்ந்தேன். கருவாட்டு விலை, மழை, அவர் தங்கச்சி கல்யாணம் எல்லாம் பேசினோம். பையனைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறு வருடம் தடைக்காலம் முடிந்த கையோடு மறுபடியும் கொட்டை போட்டோம். அதே வத்தை, அதே மறைவு, அதே அட்டைகள். மிளகாய்ச் சிரட்டையில் கொஞ்சம்தான் விழுந்தது. குடம் இன்னும் நிறைந்தே இருந்தது. நகமில்லாத அக்காதான் எண்ணினார். கடைசி அட்டைக்கு வந்து, சிரட்டையைக் கவிழ்த்து, சத்தம் போடாமல் எண்ணிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

வெற்று அட்டையில் பதினாலு கொட்டை கிடந்தது. ஆளுக்குப் பத்துதான் கொடுத்திருந்தோம்.